பூபதியின் உள்ளங்கால்

விடிந்ததும் ராசாத்திக்கு முதல் வேலை புருஷனின் காலடியைத் துடைப்பது. வாசல் தெளிப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் சிமெண்டுத் தரையில் இடது கால் பதிந்த இடத்திலெல்லாம் பழுப்பாக ஒரு பொட்டு விழுந்திருக்கும். ஈரத்துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைப்பாள். துணியை அலசிய தண்ணீரைக் கொண்டுபோய் வாழைமரத்தடியில் ஊற்றுவாள். பதினைந்து நாளாக இப்படி. யாருக்குத் தெரியாமல் இருக்க இதைச் செய்கிறாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது.

ரத்தம் வந்த இடம் சாதாரண இடம் அல்ல. நாமகிரிப்பேட்டை வட்டாரத்தில் போர்க்கிணறு போட நினைக்கிற விவசாயிகளில் பாதிப்பேருக்காவது பூபதியின் இடது உள்ளங்காலைத் தெரியும். கட்டைவிரலுக்குக் கீழே, மேடாக இருக்கிற சதையில் ஒரு மச்சம். அவன் வெறுங்காலோடு, கண்ணை மூடிக்கொண்டு விவசாயக் காட்டில் நடப்பான். பூமிக்கடியில் தண்ணீர் ஓடுகிற இடம் வந்தால் அந்த மச்சம் சுடும், நின்றுவிடுவான், அங்கே ஒரு கல்லை வைத்துப் பாயிண்ட் குறித்துக் கொடுப்பான். இதுதான் ஊரில் பேச்சு. போர் துளைக்கிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் எட்டு வருஷம் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றி, பாறைத் தூளின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லக் கற்றவன் அவன் என்பதை யாரும் பேசுவதில்லை. அனுபவத்தைக் கண்டு யார் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள்? மச்சம் என்றால் கும்பிடுவார்கள்.

கும்பிடவும் செய்தார்கள். போர் ஏஜெண்ட் சின்னுசாமி அந்த உள்ளங்காலை வீடியோ எடுத்து வாட்ஸப்பில் விட்டுக்கொண்டே இருப்பான். "பொறவி மச்சம், பொய்க்காத பாயிண்ட்" என்று மேலே எழுத்து ஓடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மச்சம் பெருக்க ஆரம்பித்ததும் சின்னுசாமிக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணனுக்கு மச்சம் வளருதுன்னா யோகம் வளருதுன்னு அர்த்தமுங்கக்கா" என்று ராசாத்தியிடமே வந்து சொன்னான். அவளும் அன்றைக்குச் சிரித்தாள்.

இப்போது அது புளியங்கொட்டை அளவுக்கு ஆகிவிட்டது. ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் நீலம் ஓடின சாம்பல், நடுவில் செம்மண் நிறம். ஓரம் ஒழுங்காக இல்லாமல் நாலா பக்கமும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. நடுவில் தோல் பிரிந்து, நடந்தால் கசிந்தது.

ராசாத்தியை அலைக்கழித்த விஷயம் அந்த ரத்தம் மட்டும் அல்ல. அந்த மச்சம் பிறவி மச்சம் அல்ல என்பது உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பூபதிக்குக்கூடத் தெரியாது.

தன் உள்ளங்காலை எந்த ஆண்பிள்ளை உட்கார்ந்து பார்க்கிறான்? பார்த்ததெல்லாம் அவள்தான். வெறுங்காலோடு காடு காடாக அலைகிறவனுக்கு வாரத்தில் இரண்டு முள்ளாவது தைக்கும். காலைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டுப் போன் பார்க்க ஆரம்பித்துவிடுவான். ஊக்கை வைத்து முள்ளைக் கிளறி எடுப்பது அவள் வேலை. ஆறு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதத்தில் ஒருநாள் அப்படி முள் எடுக்கும்போது அங்கே எள்ளளவு ஒரு கருப்பு தெரிந்தது. அழுக்கென்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. அதற்கு முந்தின வாரம் அது அங்கே இல்லை. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

அடுத்த வருஷம் மேச்சேரிப் பக்கத்தில் ஒரு விவசாயிக்கு நாலு போர் பொய்த்து, பூபதி காட்டிய இடத்தில் முந்நூற்று எண்பது அடியில் இரண்டரை இஞ்ச் தண்ணீர் வந்தது. அந்த விவசாயியும் அவர் மனைவி சௌந்திரமும் பழத்தட்டு, வேட்டி துண்டோடு வீடு தேடி வந்தார்கள். சௌந்திரம் குனிந்து காலைத் தொட வந்ததும் பூபதி பதறிக் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டான். அப்போதுதான் அந்தம்மாள் கண்ணில் அது பட்டது.

"ஏந்தாயி, இது பொறக்கறப்பவே இருந்துச்சா?"

காப்பி ஆற்றிக்கொண்டிருந்த ராசாத்தியின் வாயில் சனி உட்கார்ந்திருந்தது. "ஆமாங்க. இந்தக் காலு ஊருக்கே தண்ணி குடுக்கும்னு எங்கத்தை சொல்லிட்டே இருக்குமுங்க" என்றாள்.

அத்தை செத்து அப்போது பன்னிரண்டு வருஷம். பாவம், அந்த மனுஷி இருந்தவரைக்கும் மகன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பதைத் தவிர அவனைப் பற்றி வேறு எதையும் சொன்னதில்லை. வந்தவர்கள் போனதும் பூபதி கேட்டான். "எங்கம்மா எப்பச் சொல்லுச்சு?"

"நீங்க ரிக்குக்குப் போயிருந்தப்பங்க."

அவன் வடக்கே ரிக் வண்டியில் இருக்கும்போதுதான் தாய் செத்தாள். வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவனுக்கு, அம்மா தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்றால் எப்படி இருக்கும்? கண் நிறைந்துவிட்டது. எழுந்து கொல்லைக்குப் போய்விட்டான். அந்தக் கண்ணைப் பார்த்தபிறகு, நான் சும்மா பெருமைக்குச் சொன்னேன் என்று எந்தப் பெண்டாட்டி போய்ச் சொல்வாள்? ராசாத்தி சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட பொய் ஐந்து வருஷத்தில் ஊரெல்லாம் நடந்து வந்துவிட்டது.

போன தை மாதம் முதல்முதலாகக் கசிந்தபோது சின்னுசாமியே தன் காரில் பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். கூட்டமான கிளினிக். டாக்டர் எட்டிப் பார்த்து, "எத்தனை நாளா இருக்கு இது?" என்று கேட்டார்.

"பொறந்ததுல இருந்தே இருக்குதுங்க" என்றான் பூபதி. அவனைப் பொறுத்தவரைக்கும் அது சத்தியம்.

ராசாத்தி பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறந்தாள். பின்னால் சின்னுசாமி நின்றுகொண்டிருந்தான். எதிரே பூபதி, அம்மாவின் சொத்தைக் காட்டுகிறவன்போலக் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாயை மூடிக்கொண்டாள்.

"பிறவி மச்சம்னா பயம் இல்லை. வெறுங்காலோட நடந்து புண்ணாக்கி வெச்சிருக்கீங்க. செருப்புப் போடுங்க" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். களிம்பு தீர்ந்தது. புண் தீரவில்லை.

வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற அறிவுச்செல்வி சித்திரையில் வந்தாள். பூபதிக்குச் சர்க்கரை ஆரம்பம் என்பதால் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று காலைத் திருப்பச் சொன்னாள். திருப்பினான். அவள் பேசிக்கொண்டிருந்த பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

வெளியே வந்ததும் ராசாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அக்கா, எனக்கு இது புடிக்கலீங்க. மச்சம் பெருசாகறது, நெறம் மாறறது, ஓரம் கோணலாகறது, ரத்தம் வர்றது, எல்லாமே இருக்குது. தோல்ல வர்ற கேன்சருக்கு இதெல்லாம் அடையாளமுங்க. அப்படி இல்லாமயும் போவலாம். ஆனா சேலத்துல தோல் டாக்டர்கிட்டக் காட்டி, ஒரு துளி சதை எடுத்து டெஸ்டு பண்ணாம யாருக்கும் தெரியாது. எப்ப வந்துச்சு, எப்ப மாறுச்சுன்னு கேப்பாங்க. அத மட்டும் சரியாச் சொல்லிருங்கக்கா."

அந்தக் கடைசி வார்த்தை ராசாத்தியின் நெஞ்சில் போய் நின்றது. அன்றைக்கு ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் கிழங்கு உரிக்கப் போனவள் இரண்டு தடவை கையை அறுத்துக்கொண்டாள். மூன்று மாதம். தை, மாசி, பங்குனி. அந்தக் கிளினிக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே சேலத்துக்கு அனுப்பியிருப்பார்கள். திரும்பத் திரும்ப இதே கணக்கு.

பூபதி லேசில் கிளம்புகிற ஆளா? "சீசன்ல போயி ஆஸ்பத்திரில உக்காந்துக்கிட்டா, காடு காஞ்சு கெடக்கறவிய என்ன பண்ணுவாங்க?" என்றான். கேட்டால் கோபம் வந்தது. அறிவுச்செல்வி மறுபடியும் வந்து, "அண்ணா, நீங்க வரலீன்னா நானே ஆம்புலன்சக் கூப்புட்டு ஏத்திருவேன்" என்று சத்தம் போட்ட பிறகுதான் இறங்கி வந்தான். ஓமலூரில் ஒரு பாயிண்ட் பார்க்க வேண்டியிருந்தது. போகிற வழியில் சேலத்தில் காட்டிவிட்டுப் போவதாகச் சின்னுசாமியோடு பேசி முடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரிக்குக் கிடைத்த மரியாதை, போகிற வழியில் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான்.

சேலம் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் டாக்டர் அமுதவல்லி சின்ன விளக்கு வைத்த ஒரு கண்ணாடியை மச்சத்தின் மேல் அழுத்தி வைத்து வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியை நகர்த்தினார், மறுபடியும் பார்த்தார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்தார். ராசாத்தி அந்த முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"எப்ப இருந்து இருக்கு?"

"பொறவி மச்சமுங்க."

"பழைய போட்டோ ஏதாச்சும் இருக்கா?"

சின்னுசாமிக்குப் பெருமை தாங்கவில்லை. போனை நீட்டினான். நாலு வருஷத்து வீடியோக்கள், ஒவ்வொன்றிலும் தேதி. டாக்டர் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். முதலாவதில் துவரம்பருப்பு அளவு. இரண்டு வருஷத்துக்கு முந்தினதில் ஓரம் ஒரு பக்கம் நீண்டிருந்தது. போன தீபாவளிக்கு எடுத்ததில் நடுவில் சிவப்பு. விளம்பரத்துக்கு எடுத்த படமெல்லாம் நோயின் சரித்திரமாக டாக்டர் கையில் இருந்தது.

"இது வளர்ந்திருக்கு. நிறமும் மாறியிருக்கு. மரத்துப்போற ஊசி போட்டு இன்னைக்கே ஒரு துண்டு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர்.

பூபதி காலை இழுத்துக்கொண்டான். "கத்தி வேண்டாமுங்க."

"ஏன்?"

"எங்கம்மா பார்த்துச் சொன்ன மச்சமுங்க டாக்டர். அதுல கத்தி வெக்க முடியாது. மருந்து குடுங்க, மாத்திரை குடுங்க, திங்கறேன்."

"மாத்திரைக்கு இது போகாது. என்னன்னே தெரியாம நான் என்ன மருந்து குடுக்கறது?"

"அப்ப நாங்க கெளம்பறமுங்க. ஓமலூர்ல ஆளுங்க நின்னுட்டு இருக்காங்க." அவன் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டான். சின்னுசாமி கார்ச் சாவியை எடுத்தான். டாக்டர் ராசாத்தியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. இவர் இப்ப போனா எப்பத் திரும்பி வருவாருன்னு எனக்குத் தெரியாது. வர்றப்ப என்னால என்ன செய்ய முடியும்னும் தெரியாது."

கதவு திறந்திருந்தது. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் இரண்டு அடி வைத்துவிட்டான். வெள்ளைத் தரையில் இடது கால் பதிந்த இடத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அதை இங்கே துடைக்க அவளிடம் துணி இல்லை.

"அத்தை அப்படிச் சொல்லலீங்க" என்றாள்.

அவன் திரும்பினான். "என்ன?"

"அத்தை ஒண்ணும் சொல்லலீங்க. அத்தை இருக்கறப்ப அந்த மச்சமே இல்லீங்க. ஆறு வருசத்துக்கு முந்தி, மாசில, முள்ளு எடுக்கறப்ப நாந்தான் பார்த்தேன். எள்ளாட்ட இருந்துச்சு. அந்தச் சௌந்திரம்மா கேட்டப்ப ஒரு பெருமைக்குச் சொல்லிப்போட்டேன். நீங்க கண்ணுல தண்ணி உட்டீங்க. அதுக்கு மேல எனக்குச் சொல்ல வாயி வரலீங்க." அழுகையும் வார்த்தையும் ஒன்றாக வந்தன. "தையில அந்த டாக்டர் கேட்டப்பவும் பக்கத்துல கல்லாட்ட நின்னேன். எல்லாம் நாந்தானுங்க. கால குடுங்க. சாமி, கால குடுத்துருங்க."

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றான் சின்னுசாமி. முகம் வெளிறியிருந்தது. அவனுக்கு அவன் கவலை.

பூபதி அவனைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிப்பானோ என்று டாக்டருக்கே தோன்றியிருக்க வேண்டும், ஒரு அடி முன்னால் வந்தார். அவன் கேட்டது வேறு.

"எங்கம்மா என்னையப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?"

ராசாத்தி அழுதபடியே தலையை ஆட்டினாள். "சாப்புடாம கெடக்கறீங்கன்னுதானுங்க சொல்லும்."

அவன் மெதுவாகத் திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, காலை நீட்டினான்.

உள்ளங்காலில் ஊசி போடுவது கொடுமை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான், ஒரு சத்தம் வரவில்லை. கையைப் பிடித்துக்கொள்ள அவள் போனபோது கையை மடக்கிக்கொண்டான். ஓமலூர்ப் பாயிண்டைத் தள்ளிவைத்துவிட்டு, சின்னுசாமி இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு வீடியோவும் வரவில்லை.

ரிசல்ட் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் பூபதி அவளோடு பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான், தண்ணீர் கொடுத்தால் குடித்தான். ஏசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். வாயைத் திறந்து நாலு கெட்ட வார்த்தை சொல்லமாட்டானா என்று அவள் ஏங்கினாள். காலில் கட்டு இருந்ததால் தரையில் பொட்டு விழவில்லை. ஆனாலும் விடிந்ததும் துணியை நனைத்துக்கொண்டு வந்து நிற்பாள், பார்த்துவிட்டுத் திரும்புவாள். ஒரே ஒரு தடவை, மில்லுக்குக் கிளம்பும் நேரத்தில் பொறுக்க மாட்டாமல், "மச்சம் வர்றதுக்கு முந்தியே மூணு வருசம் பாயிண்ட் பார்த்துத் தண்ணி எடுத்துக் குடுத்தீங்களே. அது யாரு பண்ணுனதுங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் ஓடிவிட்டாள்.

ரிசல்ட் அவர்கள் பயந்தபடிதான் வந்தது. மெலனோமா என்றார் டாக்டர். மச்சத்தில் வருகிற புற்று. ஆனால் ஆழம் அதிகம் போகவில்லை என்றும் சொன்னார். சுற்றிலும் நல்ல தோல் வரைக்கும் வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டினார்கள். இடுக்கில் நெறி ஒன்றையும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். மறுபடியும் காத்திருப்பு. அந்த நாட்களில் ராசாத்தி கும்பிடாத சாமி இல்லை, சோறு இறங்கவும் இல்லை. நெறிக்குப் பரவவில்லை என்று ரிப்போர்ட் வந்தபோது வார்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அனுப்பும்போது டாக்டர் அமுதவல்லி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். புதுசாக வேறு இடத்தில் வரலாம், அதனால் மாதம் ஒருதடவை உடம்பு முழுக்கப் பார்க்க வேண்டும். முதுகு, பிடரி, தொடைக்குப் பின்னால், விரல் இடுக்கு, உள்ளங்கால். "இதையெல்லாம் நீங்களா பார்த்துக்க முடியாது. வீட்ல யாரு பார்ப்பாங்க?"

நான் பார்க்கிறேன் என்று சொல்ல ராசாத்திக்கு முகம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்ததைவிட நீளமாக இருந்தது.

"இவ பார்ப்பாளுங்க" என்றான் பூபதி. பிறகு, யாரும் கேட்காமலே, "பார்த்தா சொல்லிருவா" என்றான்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், நல்ல வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் பிடரியிலிருந்து ஆரம்பித்தாள். விரலால் தொட்டுத் தொட்டு, தோள், அக்குள், முதுகெலும்பின் இரண்டு பக்கம் என்று இறங்கி வந்தாள். இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியும் இந்த முதுகை இப்படிப் பார்த்ததில்லை. இடது விலாவுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றது. குனிந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"என்ன புள்ள?" என்றான் திரும்பாமல்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அழுக்கு என்று சொல்லிவிடலாம். அவன் இன்றைக்கு ஒருநாளாவது நிம்மதியாகச் சாப்பிடுவான்.

"ஒண்ணு இருக்குதுங்க. கடுகாட்ட, கருப்பா" என்றாள். "எப்ப இருந்து இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

அவன் கையைப் பின்னால் நீட்டி, அவள் விரல் இருந்த இடத்தைத் தடவி, அந்த விரலைப் பிடித்துக்கொண்டான்.

"போட்டோ எடு. அறிவுச்செல்விக்கு அனுப்பு" என்றான்.